எலிக்கு ஏன் டெங்கு வருவதில்லை?

ஏறாவூர் வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 டிசம்பர் 7

"சேர், டெங்குக்கு மருந்து தேடுறவங்க எலியில சோதிச்சுப் பார்க்க ஏலாம கனகாலம் இழுபட்டாங்களாம், ஏனெண்டா எலிக்கு டெங்கு வராதாம். எங்கட குசினி எலிக்கு இருக்கிற நிர்ப்பீடனம் மனிசனுக்கு இல்லையா? மெய்யா, சும்மா கதையா?"

டிசம்பர் 7, இரவு

மெய். வளர்ந்த சாதாரண எலிக்கு டெங்கு வைரசை ஊசியால் ஏற்றினாலும் அது ஒன்றும் நடக்காத மாதிரித் தின்றுகொண்டிருக்கும். டெங்கு பிடிக்க வைப்பதற்கென்றே ஆய்வுகூடங்களில் ஒரு எலி வளர்க்கிறார்கள், பெயர் ஏஜி129. அதற்குள் புதிதாக எதையும் புகுத்தவில்லை. கலத்தின் மேற்பரப்பில் இருந்து வெளிச் செய்தியைப் பிடிக்கிற புரதங்களை வாங்கி என்போம், அதில் இரண்டை இல்லாமல் செய்திருக்கிறார்கள். ஒன்று இன்டர்பெரோன் (வைரசு புகுந்ததும் கலம் சுரக்கிற எச்சரிக்கைப் புரதம்) வகைகளில் அல்பாவையும் பீட்டாவையும் பிடிக்கிற வாங்கி, மற்றது காமா வகையைப் பிடிக்கிறது. இவை இரண்டும் போனால் எலிக்கு டெங்கு வரும், சில டெங்கு இனங்களுக்குச் செத்தும் போகும். சிக்கா வைரசுக்கு முதலாவதை மட்டும் எடுத்தாலே காணும். 2016 சிக்கா அமளியில் ஆராய்ச்சிக்காரர் எல்லாரும் அந்த எலியைத்தான் தேடி ஓடினார்கள்.

ஆகவே கேட்கவேண்டியது அந்த முதலாவது வாங்கியைப் பற்றி. இன்றைக்கு முழுக்கக் காய்ச்சல்காரர் ரத்தம் பார்த்துக் கண் போய்விட்டது. மிச்சம் நாளைக்கு.

டிசம்பர் 8

நவம்பர்க் கடைசி வெள்ளம் வடிந்த கையோடு எங்கள் பக்கம் நுளம்பு கிளம்பிவிட்டது. வருசா வருசம் வாடைக்காற்று மழைக்குப் பிறகு இதுதான் கதை. பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவனுக்கு டிசம்பர், ஜனவரி என்றால் எஃப்பிசி (ரத்தக் கலங்களை எண்ணுகிற சோதனை) ரிப்போர்ட்தான்.

சரி, வாங்கி. பெயர் இஃப்னார். இரண்டு துண்டு, இஃப்னார்-1, இஃப்னார்-2. கலமென்சவ்வில் குத்தி நிற்கும், வெளியே ஒரு பாகம், உள்ளே ஒரு வால். கருவுள்ள ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் இது உண்டு. ஒரு கலத்தில் சில நூறு, கூடினால் சில ஆயிரம். இவ்வளவு முக்கியமான சாமானுக்கு இது மிகச் சொற்பம்.

இன்டர்பெரோனை 1957இல் லண்டன் மில் ஹில்லில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லின்டென்மனும் கண்டார்கள். கோழி முட்டைச் சவ்வில், சூடாக்கிச் செயலிழக்க வைத்த இன்ஃபுளுவென்சா வைரசைப் போட்டபோது, சவ்வு எதையோ சுரந்து புதுச் சவ்வையும் வைரசிடமிருந்து காத்தது. அதைப் பிடிக்கிற வாங்கியின் முதல் துண்டைப் பிரித்தெடுக்க 1990 ஆனது, இரண்டாவதற்கு 1994. முப்பது வருசத்துக்கு மேல் குரல் தெரியும், காது தெரியாது.

காது என்று ஏன் எழுதினேன் என்றால், வெல்லாவெளிப் பக்கம் மாமாவின் வயலில் இரவுக் காவலுக்குப் போன நினைவில். ஆனை முதலில் இறங்குகிற வயல்காரன் பரணிலிருந்து கூவுவான். அவனுடைய வேளாண்மை அநேகமாகப் போய்விடும். ஆனால் கூவலைக் கேட்டு அடுத்த வட்டைக்காரன் தீ மூட்டுவான், ஆனைவெடியை எடுப்பான். இன்டர்பெரோன் அந்தக் கூவல். வைரசு புகுந்த கலம் கூவும், பக்கத்துக் கலங்களின் இஃப்னார் கேட்கும், கேட்ட கலம் வைரசு வருமுன்னமே ஆயத்தமாகும். கூவின கலம் தப்புமா என்பது வேறு கதை.

டிசம்பர் 8, கொஞ்சம் பிந்தி

ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா: "அப்ப இன்டர்பெரோன் வைரசைக் கொல்லும் எண்டு எங்களுக்குப் படிப்பிச்சது?" கொல்லாது. வைரசைத் தொடக்கூடத் தொடாது. சோதனைக் குழாயில் வைரசையும் இன்டர்பெரோனையும் சேர்த்து வைத்தால் இரண்டும் அதது பாட்டில் கிடக்கும். வேலை முழுக்கக் கேட்கிற கலத்துக்குள்.

டிசம்பர் 11

உள்ளே என்ன நடக்கிறது என்று உயர்தரப் பிள்ளைகள் கேட்பதால் கொஞ்சம் விரிவாக. மற்றவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டலாம், ஆனால் எலிக் கேள்விக்கு விடை இதற்குள்தான் கிடக்கிறது.

இன்டர்பெரோன் முதலில் இஃப்னார்-2ஐ இறுக்கிப் பிடிக்கும். பிறகு இஃப்னார்-1 வந்து சேரும், அதன் பிடி மிகத் தளர்வு. இந்த மூன்றும் ஒன்றுகூடினால்தான் அலுவல் நடக்கும். மனிதனில் அல்பா மட்டும் 13 வகை, அதோடு பீட்டா, இன்னும் சில்லறை வகைகள். எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வாங்கிதான். பீட்டா எல்லாரையும்விட இறுக்கமாகப் பிடிக்கும்.

வாங்கியின் உள்வாலில் இரண்டு நொதியங்கள் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இஃப்னார்-1இல் டிக்2, இஃப்னார்-2இல் ஜாக்1. இரண்டு வாலும் கிட்ட வந்ததும் இவை ஒன்றையொன்று உசுப்பிவிட்டு ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற புரதங்களில் பொசுபேற்றைப் பூட்டும். அவை ஐஆர்எஃப்9 என்ற மூன்றாவது ஆளோடு சேர்ந்து கருவுக்குள் போகும். அங்கே சில நூறு பரம்பரையலகுகள் கண் விழிக்கும். ஒன்று வைரசின் ஆர்என்ஏயை நறுக்க ஆள் கூட்டும், ஒன்று புரத உற்பத்தியையே நிறுத்தும், ஒன்று வைரசு உள்ளே நுழைகிற வழியை இறுக்கும்.

இனி டெங்கு. டெங்கு வைரசுக்கு என்எஸ்5 என்றொரு புரதம். அது மனிதனுடைய ஸ்டாட்2ஐப் பிடித்துக் கலத்தின் குப்பை அரைக்கிற இடத்துக்கு அனுப்பிவிடும். வாங்கி கேட்டது, ஜாக் உசும்பியது, செய்தி கொண்டுபோக ஆளில்லை. எலியின் ஸ்டாட்2ஐ என்எஸ்5 இப்படிப் பிடித்து ஒழிக்காது, இரண்டினதும் அமைப்பில் அந்தளவு வித்தியாசம். இன்னொன்று, கலத்துக்குள் வைரசு வந்த சங்கதியை மோப்பம் பிடித்துக் கூவச் செய்கிற பாதையில் ஸ்டிங் என்றொரு புரதம். டெங்கின் கத்தரிக்கோல் நொதியம் மனித ஸ்டிங்கை வெட்டும், எலி ஸ்டிங்கை வெட்டாது. கூவுகிற இடத்திலும் கேட்கிற இடத்திலும் டெங்கு மனிதனுக்கென்று சாவி செய்து வைத்திருக்கிறது, எலிக்குச் செய்யவில்லை.

ஆகவே ஏறாவூர்த் தம்பி, எலிக்கு எங்களைவிட நல்ல நிர்ப்பீடனம் என்று சொல்ல ஏலாது. டெங்குக்கு எலியின் பூட்டுத் தெரியாது, அவ்வளவுதான். எலிக்கென்று பழகின வைரசுகள் வேறு இருக்கின்றன, அவை எலியைச் சும்மா விடாது.

டிசம்பர் 11, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு வால். எலிக்கு டெங்கு அறவே ஏறாது என்றும் இல்லை. பால்குடிக் குட்டி எலியின் மூளைக்குள் நேரே ஏற்றினால் பெருகும். 1940களில் டெங்கு வைரசை முதலில் வளர்த்ததே அப்படித்தான். மூளைக்குள் பெருகுகிறதும் ரத்தத்தில் காய்ச்சலாக வருகிறதும் ஒன்றில்லை.

டிசம்பர் 12

சாய்ந்தமருதிலிருந்து: "அப்ப குசினி எலிய விட்டுரலாம், அது டெங்கு பரப்பாது."

எலிக்காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது தம்பி. வெள்ளாமை வெட்டுகிறவர்களைக் கேளுங்கள். எலியை விடவேண்டாம்.

டிசம்பர் 15

காய்ச்சல் பற்றி. இதை எழுதத்தான் இந்த இழையில் இறங்கினேன், எலியில் மாட்டிக்கொண்டேன்.

கனடாவில் இருக்கிற மச்சாளுக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், உடம்பே தன் நரம்பைத் தாக்குகிற நோய். இன்டர்பெரோன் பீட்டா ஊசி, தானே போடவேண்டும். இந்த மருந்து 1993இலிருந்து அந்த நோய்க்குப் பாவனையில் இருக்கிறது. முதல் மாதங்களில் ஊசி போட்ட இரவெல்லாம் குளிர் நடுக்கம், உடம்பு முறிச்சல், தலையிடி. விடிந்தால் பறந்துவிடும். "கொழும்பில டெங்கு வந்த மாதிரியே இருக்கு, ஆனா ரத்தம் எடுத்தா ஒண்டுமில்ல" என்று போனில் சொன்னா. அவவுக்கு வைரசு இல்லை, நுளம்பு இல்லை. வெறும் இன்டர்பெரோனும் அதைக் கேட்கிற வாங்கியும். பெனடோல் போட்டுவிட்டுப் படுக்கைக்குப் போகமுன் ஊசி போடச் சொல்லி அங்குள்ள தாதி பழக்கிவிட்டிருக்கிறா.

அதைக் கேட்டபிறகு காய்ச்சல்காரர் எங்கள் வாங்கில் வந்து குந்தும்போது வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். "வைரசு உடம்பை அடிச்சுப் போட்டுது" என்று அவர் சொல்கிறார். முதல் இரண்டு மூன்று நாளில் அடிக்கிறதில் பெரும் பங்கு அவருடைய சொந்த இஃப்னார்தான்.

ரிப்போர்ட்டிலும் அந்தச் சாயல் தெரியும். ஈரல் அழற்சி சி-க்கு இன்டர்பெரோன் கொடுத்த காலத்தில் அந்த நோயாளிகளின் எஃப்பிசியை அடிக்கடி பார்க்கச் சொல்வார்கள், ஏனென்றால் வெண்குழியமும் இறங்கும், பிளேட்லட்டும் இறங்கும். அளவு மிஞ்சி இறங்கினால் மருந்தைக் குறைப்பார்கள். டெங்கில் பிளேட்லட் இறங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் இன்டர்பெரோன் தலையில் கட்டக்கூடாது. ஆனால் காய்ச்சலின் தொடக்கத்தில் வெண்குழியம் மளமளவென்று இறங்குவதைக் காணும்போது எனக்கு அந்தப் பழைய ரிப்போர்ட்கள்தான் ஞாபகம் வரும்.

இன்னொன்று, மனச்சோர்வு. நீண்டகாலம் அல்பா போட்ட சிலருக்கு அழுகை, வெறுப்பு, சாகலாம்போல் ஒரு எண்ணம். மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கும். பெரிய வைரசுக் காய்ச்சலுக்குப் பிறகு வாரக்கணக்கில் முகம் கொடுத்துக் கதைக்காமல் கிடக்கிற ஆட்களை "செய்வினை" என்று கூட்டிக்கொண்டு போகிற ஊரில் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

டிசம்பர் 16

அம்மாவின் கதையைச் சேர்க்கச் சொல்லி மனிசி சொல்கிறா. 2006 கடைசியில் கிழக்கில் சிக்குன்குனியா வந்தது. சண்டைக் காலம், பாதை பூட்டு, ஒரு பக்கம் அகதி முகாம். வீட்டுக்கு வீடு ஆட்கள் குந்தி எழும்ப ஏலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் சில நாளில் விட்டது, கைமூட்டு நோ மாசக்கணக்காய் விடவில்லை. விடியப்புறம் தேங்காய் துருவ ஏலாது.

சிக்குன்குனியாவும் இதே பாதையில்தான் கை வைக்கிறது, அதன் என்எஸ்பி2 புரதம் ஜாக், ஸ்டாட் வழியை அடைக்கும். இஃப்னார் இல்லாத எலிக்கு இந்த வைரசைக் கொடுத்தால் செத்துப்போகும், வாங்கி உள்ள வளர்ந்த எலி தாங்கும். மனிதரில் பெரும்பாலானோர் தாங்குகிறார்கள். மூட்டு நோ ஏன் இழுக்கிறது என்பதற்கு இஃப்னார் மட்டும் விடையில்லை, அது வேறு இழைக்குரியது.

டிசம்பர் 21

பெட்டிக் கடையிலிருந்து பார்மசி வரை "நிர்ப்பீடனம் கூட்டும்" பக்கற்றுகள். அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி, "இது இன்டர்பெரோனைக் கூட்டுமாம், பிள்ளைக்குக் கொடுக்கலாமா" என்று கேட்கிறார்.

கூட்டினால் என்ன நடக்கும் என்று முதலில் பார்ப்போம். மச்சாளின் இரவுகள் மேலே இருக்கின்றன. அந்தப் பக்கற்று உண்மையாகவே வேலை செய்தால் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும். பிள்ளை துள்ளி விளையாடுகிறது என்றால் பக்கற்று இன்டர்பெரோனை ஒன்றும் செய்யவில்லை.

அதைவிட, உடம்பு இந்த வாங்கியை நீண்ட நேரம் திறந்து வைத்திருக்க விடுவதேயில்லை. இன்டர்பெரோன் ஒட்டியதும் இஃப்னார்-1ஐக் கலம் உள்ளே இழுத்துச் செரித்துவிடும். சாக்ஸ்1 என்ற புரதம் நொதியங்களை அமர்த்தும். யூஎஸ்பி18 என்ற இன்னொன்று இஃப்னார்-2இன் வாலில் குந்திக்கொண்டு அடுத்த முறை அல்பா வந்தாலும் காது கொடுக்க விடாது. யூஎஸ்பி18ஐச் செய்யச் சொல்வதே இன்டர்பெரோன்தான். திறக்கும்போதே பூட்டையும் சேர்த்துச் செய்கிற ஏற்பாடு. யூஎஸ்பி18 இல்லாமல் பிறக்கிற குழந்தைகள் மிக அரிதாக உண்டு. எந்தக் கிருமியும் இல்லாமலே, கர்ப்பத்தில் கிருமி தாக்கின பிள்ளைபோல் மூளை சேதப்பட்டுப் பிறக்கும். காது மூடத் தெரியாவிட்டால் வருகிற விலை அது.

கோவிட் காலத்திலும் இந்தப் பாடம் நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சொலிடாரிட்டி பரீட்சையில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு இன்டர்பெரோன் பீட்டா கொடுத்தார்கள், சாவு குறையவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற நேரம் ஆனை வயலை மேய்ந்து முடித்துவிட்டிருக்கும், பிறகு கூவி என்ன.

பக்கற்றுக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

டிசம்பர் 22

"சேர், அந்த ஆனைக் கதைய இனி விடுங்க." விட்டாச்சு.

டிசம்பர் 22, மத்தியானம்

பப்பாசி இலைச்சாறு கேட்டு வந்திருக்கிற செய்திகளுக்கு எல்லாம் சேர்த்து: இஃப்னாருக்கும் பப்பாசிக்கும் தொடர்பில்லை. சத்தி எடுக்கிற நோயாளிக்குக் கசப்புச் சாறு பருக்கி இன்னும் நீரிழப்பைக் கூட்டாதீர்கள்.

டிசம்பர் 29

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை, டவுன் சிண்ட்ரோம். எல்லாருக்கும் செல்லம், கடற்கரைக்குப் பந்து கொண்டு போகிறவர்கள் அவனை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். தைரொயிட் பிழை, நெஞ்சுச் சளி வந்தால் மற்றப் பிள்ளைகளைவிட நாட்பட இழுக்கும். அவனுக்கு ரத்தம் எடுக்கிற ஆள் நான்தான், வேறு யாரிடமும் கை நீட்டமாட்டான். அவனுடைய தாய் இந்த இழையை வாசித்துவிட்டுக் கேட்டா: "இந்த வாங்கி மகனுக்கும் இருக்கா தம்பி?"

இருக்கு, கூடவே இருக்கு. இஃப்னார்-1, இஃப்னார்-2 இரண்டினதும் பரம்பரையலகுகள் இருப்பது நிறமூர்த்தம் 21இல். அதே அயலில் காமா வாங்கியின் ஒரு துண்டும், லாம்டா என்ற இன்னொரு இன்டர்பெரோன் வகையின் வாங்கி பாவிக்கிற ஒரு துண்டும் சேர்ந்து கிடக்கின்றன. டவுன் பிள்ளைகளிடம் 21 மூன்று. ஆகவே கலத்தின் மேல் வாங்கி கூட, எந்த நேரமும் இன்டர்பெரோன் கேட்டுக்கொண்டிருக்கிற நிலை. இதை 2016இலிருந்து தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். தைரொயிட் போன்ற தன்னைத்தானே தாக்குகிற நோய்கள் அவர்களிடம் கூடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறார்கள்.

அப்படியென்றால் வைரசை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கவேண்டுமே? தாங்குவதில்லை, கோவிடில் அவர்களுக்கு ஆபத்துக் கூட. 2022இல் வந்த ஒரு ஆய்வு விளக்கம் எனக்குப் பிடித்தது. வாங்கி கூடியதால் முதல் சத்தம் பெரிதாகக் கேட்கும், அதனால் யூஎஸ்பி18ம் பெரிதாக எழும்பும், பிறகு வருகிற சத்தத்துக்குக் கலம் செவிடாகும். கூடினது குறைந்ததாய் முடிகிறது. பக்கற்று வாங்க நினைத்தவர் இந்தக் குறிப்பை இரண்டு தரம் வாசிக்கலாம்.

அந்தத் தாய்க்கு இதையெல்லாம் சொல்லவில்லை. மழைக்குள் விடாதீங்கோ, தைரொயிட் பார்க்கிற தேதி தவறவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

2025 ஜனவரி 3

களுவாஞ்சிகுடியிலிருந்து நல்ல கேள்வி: "இந்த வாங்கி இல்லாமலே மனிசர் பிறக்கிறதா? பிறந்தா உயிரோட இருப்பாங்களா?"

பிறக்கிறார்கள். 2015இல் இஃப்னார்-2 இல்லாத ஒரு குழந்தையை விவரித்தார்கள், எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசி வைரசே அந்தக் குழந்தையின் மூளையைத் தாக்கி உயிர் போனது. 2019இல் இஃப்னார்-1 இல்லாதவர்கள் இரண்டு பேர், ஒருவருக்கு எம்எம்ஆர், ஒருவருக்கு மஞ்சட்காய்ச்சல் ஊசி. இரண்டும் உயிருள்ள, பலவீனப்படுத்திய வைரசு ஊசிகள்.

அப்போது உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் என்று எண்ணினார்கள். பிறகு 2022இல் சமோவா, டொங்கா போன்ற மேற்குப் பொலினீசியத் தீவு மக்களிடம் இஃப்னார்-1ஐப் பாதியில் நிறுத்துகிற ஒரு மாற்றம் பரவலாய் இருப்பது தெரிந்தது. அதே வருசம் கிரீன்லாந்து இனுவிட் மக்களிடம் இஃப்னார்-2இல் ஒன்று. சின்னத் தொகையான ஆட்கள் தீவில் குடியேறி, தங்களுக்குள் கலியாணம் செய்து பெருகினால் இப்படி ஒரு மாற்றம் தங்கிவிடும். இதில் வியப்பு, அவர்களில் சிலர் வளர்ந்து ஆளாகியிருக்கிறார்கள். இஃப்னார் இல்லாத எலி பல வைரசுகளுக்கும் உடனே விழும், மனிதர் பலவற்றைத் தாங்குகிறார்கள். 1994இலிருந்து எலியில் படித்ததை அப்படியே மனிதனுக்குப் போட ஏலாது என்று இதில் தெரிகிறது.

எங்கள் மட்டக்களப்பில் மச்சான் மச்சாள் கலியாணம் கிடக்கிறதே என்றுதான் அவர் சுற்றி வளைத்துக் கேட்கிறார். இது இரண்டு பக்கமும் மாற்றம் வந்தால்தான் வருகிற நோய், நெருங்கிய சொந்தத்தில் அந்த வாய்ப்புக் கூடும், அது கணக்கு. ஒரு குடும்பத்தில் உயிருள்ள தடுப்பூசிக்குப் பிறகு ஏற்கெனவே ஒரு பிள்ளை கடுமையாக விழுந்திருந்தால் அதை அடுத்த பிள்ளையின் ஊசிக்கு முன்னம் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். குடி கோத்திரத்தை இதற்குள் இழுக்கவேண்டாம்.

ஜனவரி 4

எதிர்பார்த்ததுதான். நேற்றைய குறிப்பின் ஒரு வரியை மட்டும் வெட்டி "எம்எம்ஆர் ஊசி குழந்தையைக் கொல்லும்" என்று யாரோ வட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள்.

அந்தக் குழந்தைக்கு வாங்கி இல்லை. ஊசி வைரசையே தாங்க முடியாத பிள்ளை, தெருவில் வருகிற அசல் சின்னமுத்துக்கு என்ன ஆகும்? அப்படியான பிள்ளையைக் காக்க ஒரே வழி சுற்றியிருக்கிற மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஊசி போட்டிருப்பது. 2019இல் சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக இலங்கைக்குச் சான்று கிடைத்தது, 2023இல் திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் விசேட ஊசி போட்ட இடங்களில் கல்முனையும் ஒன்று. ஒன்பதாம் மாசமும் மூன்று வயதிலும் எம்எம்ஆர், ஒரு வயதில் மூளைக்காய்ச்சல் ஊசி. கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள், விடுபட்டிருந்தால் நாளைக்கே போங்கள். வெட்டி ஒட்டுகிறவர்கள் இந்தப் பந்தியையும் ஒட்டட்டும்.

ஜனவரி 14

பொங்கல். அடுப்படியில் நிற்கிறேன். பின்னேரம் வந்திருக்கிற கேள்விகளுக்குப் பதில் பிறகு.

ஜனவரி 19

இரண்டு கேள்வி, இரண்டும் ஒரே இடத்தில் முட்டுகின்றன.

முதலாவது, பாசிக்குடாப் பக்கமிருந்து ஒரு தம்பி: "வாங்கி ஒழுங்கா இருந்தும் ஒருத்தருக்கு வைரசு கடுமையாகிறது ஏன்?" பல காரணம். ஒன்று 2020இல் தெரியவந்தது. கோவிடில் உயிர் ஊசலாடினவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு, அவர்களுடைய சொந்தப் பிறபொருளெதிரிகளே இன்டர்பெரோனைப் பிடித்து வாங்கியை அண்டவிடாமல் வைத்திருந்தன. பெரும்பாலும் ஆண்கள், வயது போனவர்கள். இந்தப் பிறபொருளெதிரிகள் கோவிடுக்கு முன்னமே ரத்தத்தில் இருந்தவை. வெஸ்ட் நைல் என்கிற நுளம்பு வைரசில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் மூன்றிலொரு பங்களவில் இதே சங்கதி. கூவலும் நல்லது, காதும் நல்லது, நடுவில் ஆள் நிற்கிறான். (ஆனையைத்தானே விடச் சொன்னீர்கள், காதை அல்லவே.)

இரண்டாவது தலைகீழ். என் அக்காவின் மகளுக்கு லூபஸ், நிர்ப்பீடனம் சொந்த உடம்பையே தாக்குகிற நோய். கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரிச் சிவப்பு, வெயில் பட்டால் கூடும், மூட்டு நோ, களைப்பு. அவள் கேட்டாள்: "மாமா, எனக்கு எந்த நேரமும் காய்ச்சல் வரப்போற மாதிரியே இருக்கு, ஏன்?" லூபஸ்காரர் அநேகரின் ரத்தத்தில் இன்டர்பெரோன் கேட்டு எழும்புகிற பரம்பரையலகுகள் வைரசு இல்லாமலே விழித்திருக்கும். 2003இல் இது தெளிவானது. அதற்கு முன்னம் 1990இல் சுவீடனில் புற்றுநோய்க்கு இன்டர்பெரோன் அல்பா போட்ட ஒருவருக்கு லூபஸே வந்தது. மருமகள் விழுங்குகிற ஹைட்ரொக்சி குளோரோகுவின் குளிசையும், கூவல் தொடங்குகிற இடத்தைக் கொஞ்சம் அமர்த்துவதாலும் வேலை செய்கிறது என்று எண்ணுகிறார்கள்.

2021இல் அமெரிக்காவில் அனிஃப்ரொலுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது இஃப்னார்-1இலேயே போய் ஒட்டி அடைத்துவிடும் பிறபொருளெதிரி. நாலு கிழமைக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றுவது. பரீட்சையில் தோல் சிவப்பு நன்றாகக் குறைந்தது. காதை அடைத்தால் பின்விளைவும் வரத்தானே வேண்டும். அக்கி கூடியது, சின்ன வயதில் வந்து நரம்பில் ஒளித்திருந்த கொப்புளிப்பான் வைரசு எழும்பினது. ஆனால் வாங்கியை அடைத்தும் ஆட்கள் வைரசுக்குச் சரிந்து விழவில்லை. பொலினீசியப் பெரியவர்கள் தாங்குவதை இதோடு வைத்துப் பார்க்கிறேன். ஒன்றை அடைத்தால் மனித உடம்பு வேறு வழியைத் தேடிக்கொள்கிறது, எல்லா வைரசுக்கும் இல்லை, பலவற்றுக்கு.

"கூட்டவேணும்" என்பவர்களும் "அடைச்சா செத்திருவோம்" என்பவர்களும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். எந்தக் கலத்தில், எந்த நாளில், எவ்வளவு நேரம் என்று கேட்பதில்லை.

ஜனவரி 20

வாசித்ததில் எனக்கு அதிகம் ருசித்த இரண்டு துண்டுகள். எங்கே பொருந்துமென்று தெரியவில்லை, இங்கே போடுகிறேன்.

பெரியம்மைத் தடுப்பூசியில் பாவித்த வக்சினியா வைரசு பி18 என்று ஒரு புரதத்தைச் சுரக்கும். இன்டர்பெரோனைப் பிடிக்கிற போலி வாங்கி. கலத்துக்கு வெளியே மிதந்துகொண்டு, வருகிற இன்டர்பெரோனை வழியிலேயே வாங்கிக்கொள்ளும். நல்ல கள்ளன்.

மற்றது பின்லாந்தின் காரி கான்டெல். 1970களில் உலகத்தில் பாவித்த இன்டர்பெரோனில் பெரும் பங்கு அவர் தயாரித்தது. ஹெல்சிங்கியில் ரத்த தானத்தில் மிஞ்சுகிற வெண்குழியங்களைச் சேர்த்து, சென்டாய் வைரசைக் கொடுத்து, அவற்றைக் கூவவைத்து எடுத்தார். நாங்கள் குழாயைச் சுற்றி எடுத்ததும் சிவப்புக்கும் தெளிநீருக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைப் படை நிற்குமே, அதுதான். நாங்கள் அதைக் கழுவி ஊற்றுகிறோம்.

பெப்ரவரி 2

ஒலுவில் மாணவி ஒருவர்: "இன்டர்பெரோனை ரத்தத்தில் அளந்து டெங்கு கடுமையாகுமா எண்டு முன்கூட்டியே பார்க்க ஏலாதா?"

எங்களுடையதைப் போன்ற பரிசோதனைக் கூடத்தில் ஏலாது. ரத்தத்தில் அது மிகச் சொற்பம், புரதங்களை அளக்கிற சாதாரண எலைசா சோதனைக்கு அகப்படாது. மிக நுண்ணிய அளவைக் காட்டுகிற கருவிகள் வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் உண்டு, வார்டுக்கு அவை தோதில்லை. இன்டர்பெரோனைத் தேடாமல் வாங்கி கேட்டதற்கான அடையாளத்தைத் தேடலாம். எம்எக்ஸ்ஏ என்ற புரதம் இஃப்னார் கேட்டால் எழும்பும். விரல் நுனித் துளி ரத்தத்தில் எம்எக்ஸ்ஏயையும் அழற்சியில் கூடுகிற சிஆர்பி என்ற புரதத்தையும் சேர்த்துப் பார்த்து, இது வைரசா பக்டீரியாவா என்று பிரிக்கிற சின்னப் பட்டி பாவனைக்கு வந்திருக்கிறது. வைரசு என்று சொல்லும், டெங்கு என்று சொல்லாது, கடுமையாகுமா என்றும் சொல்லாது. டெங்கில் ஆபத்து வருவது காய்ச்சல் விடுகிற நேரத்தில், அப்போது இன்டர்பெரோன் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆகவே நீங்கள் கேட்கிற முன்னறிவிப்பு இந்த வாங்கியிலிருந்து கிடைக்கும் என்று எனக்குப் படவில்லை.

இப்போதைக்குக் கையில் இருப்பது: முதல் நாட்களில் என்எஸ்1 (டெங்கு வைரசின் புரதத்தைத் தேடுகிற சோதனை), மூன்றாம் நாளிலிருந்து எஃப்பிசி, ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் செங்குழியத்தின் பங்கு) ஏறுகிறதா என்று ஒரு கண். டிஸ்பிரினும் புரூஃபனும் தொடவேண்டாம். இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்துக்குத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்றால் எம்எக்ஸ்ஏயை எடுங்கள், மேற்பார்வையாளரிடம் செலவுக் கணக்கோடு போங்கள்.